விலைபோகாத கப்பல்

1826-ஆம் ஆண்டு ஹாம்புர்க் கலைச் சங்கம் தன் முதல் கண்காட்சியை நடத்தியபோது, டிரெஸ்டனிலிருந்து ஒரு படம் வந்து சேர்ந்தது. அகலம் நாலடிக்குச் சற்று மேல், உயரம் மூன்றடிக்குச் சற்று மேல். கடல்தான், ஆனால் அலையே கிடையாது. கப்பல் இருந்தது, தேடினால் கண்ணில் படும். ஆள் நடமாட்டம் அறவே இல்லை. கப்பலோட்டிச் சம்பாதித்த ஊர் அது. கப்பல் உடைவது என்றால் என்னவென்று அந்த ஊர்க்காரர்களுக்கு ஓவியர் யாரும் வந்து சொல்லித்தர வேண்டியதில்லை. படத்தை யாரும் வாங்கவில்லை. வந்த வழியே அது டிரெஸ்டனுக்குத் திரும்பிப் போனது.

79 ஆண்டுகள் கழித்து அதே ஊர் அதே படத்தைக் காசு கொடுத்து வாங்கியது. இன்று ஹாம்புர்க் மத்திய ரயில் நிலையத்துக்குப் பக்கத்திலேயே இருக்கும் குன்ஸ்ட்ஹாலே அருங்காட்சியகத்துக்கு வருகிறவர்களில் பலர் முதலில் தேடிப்போவது அதைத்தான். காஸ்பர் டாவிட் ஃப்ரீட்ரிஷ் 1823-24-ல் வரைந்த ‘பனிக்கடல்’. நடுவில் அந்தப் படத்துக்கு என்ன ஆயிற்று என்பதுதான் இங்கே சொல்ல வந்த கதை.

அதற்கு முன்னால் பிரான்ஸுக்கு ஒரு நடை போய்வர வேண்டும். ஏனென்றால், புயலையும் கப்பல் உடைவதையும் பணக்காரர் வீட்டுச் சுவருக்கு உரிய சரக்காக ஆக்கியவர்களில் முன்வரிசைக்காரர் கிளோத் ஜோசப் வெர்னே என்ற பிரெஞ்சுக்காரர். 1714-ல் அவிஞோனில் பிறந்தவர், ரோமில் பல வருஷம் இருந்தவர். இத்தாலிக்குச் சுற்றுலா வந்த ஆங்கிலப் பிரபுக்கள் அவரிடம் படங்களை ஜோடி ஜோடியாக வாங்கிப் போனார்கள்: ஒன்று அமைதியான கடல், இன்னொன்று புயல். புயல் படத்துக்கு ஒரு பக்குவம் இருந்தது. ஓரத்தில் ஒரு பாறை, அதன்மேல் கலங்கரை விளக்கமோ கோட்டையோ, கரிய வானத்தில் ஒரு மின்னல், சாய்ந்த பாய்மரம், கயிற்றைப் பிடித்து இழுக்கும் ஆட்கள், மயங்கிய பெண் ஒருத்தியைக் கரைக்குத் தூக்கி வருபவர்கள். கொந்தளிப்பு அத்தனையும் இருக்கும். யாரோ சிலர் பிழைத்தும் விடுவார்கள். சாப்பாட்டு அறையில் மாட்டலாம்.

புயலைச் சரியாகப் பார்ப்பதற்காகத் தன்னைப் பாய்மரத்தில் கட்டச் சொன்னவர் வெர்னே என்று ஒரு கதை உண்டு. உண்மையோ பொய்யோ, அவருடைய பேரன் ஓராஸ் வெர்னே 1822-ல் அதையே ஒரு படமாக வரைந்துவிட்டார். தாத்தா கயிற்றில் கட்டுண்டு பரவசமாக அலையைப் பார்க்கிறார். குடும்பத் தொழிலுக்கு இதைவிட நல்ல விளம்பரம் கிடைத்திருக்காது.

அதற்கு மூன்று வருஷம் முன்பே, 1819-ல், தியோடோர் ழெரிக்கோ அந்தச் சாப்பாட்டு அறை மரியாதையைக் கெடுத்திருந்தார். ‘மெதூசா’ என்ற பிரெஞ்சுப் போர்க்கப்பல் 1816 ஜூலை 2-ஆம் தேதி ஆப்பிரிக்காவின் மொரித்தேனியக் கரைக்கு அப்பால் மணல்திட்டில் தட்டி நின்றது. படகுகளில் எல்லோருக்கும் இடமில்லை. அவசரமாகக் கட்டிய ஒரு மிதவையில் 150 பேருக்குக் கொஞ்சம் குறைவானவர்களை ஏற்றிவிட்டு, இழுத்துப் போவதாகச் சொன்ன படகுகள் கயிற்றை விட்டுவிட்டன. 13 நாள் கழித்து மிதவை கண்ணில் பட்டபோது உயிரோடு இருந்தவர்கள் 15 பேர். ழெரிக்கோ பிழைத்தவர்களைத் தேடிப் பேசினார். கப்பலின் தச்சரைக் கொண்டு மிதவையின் சிறு மாதிரி செய்ய வைத்தார். பிணங்களைப் பார்த்து வரைந்து பழகினார். கடைசியில் வந்தது கிட்டத்தட்ட 5 மீட்டர் உயரம், 7 மீட்டர் அகலம் உள்ள ஒரு படம். சதை, வியர்வை, அழுகல், தூரத்தில் தெரியும் ஒரு கப்பலை நோக்கி ஆட்டப்படும் துணி. 1824 ஜனவரியில் ழெரிக்கோ இறந்தார். அந்த ஆண்டு முடிவதற்குள் லூவ்ர் அதை வாங்கிவிட்டது.

அதே 1824-ல்தான் டிரெஸ்டனில் நம்முடைய படம் முடிந்தது.

ஃப்ரீட்ரிஷ் பால்டிக் கடற்கரையில் கிரைஃப்ஸ்வால்ட் என்ற துறைமுக ஊரில் 1774-ல் பிறந்தவர். அப்போது அந்த ஊர் ஸ்வீடன் ஆட்சியில் இருந்தது. சிறுவயதில் தம்பி ஒருவன் கண்ணெதிரே நீரில் மூழ்கி இறந்தான். பனிக்கட்டி உடைந்து விழுந்ததாக ஒரு பேச்சு, படகு கவிழ்ந்ததாக இன்னொரு பேச்சு. அவர் பிற்பாடு வரைந்த ஒவ்வொரு பனிக்கட்டிக்கும் இந்தச் சாவைக் காரணம் காட்டுவது ஒரு வழக்கமாகிவிட்டது. எனக்கு அதில் அவ்வளவு நம்பிக்கை இல்லை. தம்பியை இழந்த எல்லோரும் ‘பனிக்கடல்’ வரைவதில்லை.

எனக்குத் தெரிந்தவரை படத்தின் பிறப்புக்கு நேரான காரணம் ஓர் ஆர்டர். டிரெஸ்டனில் யோஹான் கோட்லோப் ஃபான் குவாண்ட் என்ற கலைச் சேகரிப்பாளர் இருந்தார். அவருக்கு ஒரு ஜோடிப் படம் வேண்டியிருந்தது: தென்திசை இயற்கையின் செழிப்பு ஒன்றில், வடதிசை இயற்கையின் பயங்கர அழகு இன்னொன்றில். தெற்கு, ரோமில் இருந்த ரோடன் என்ற ஓவியருக்குப் போனது. வடக்கு ஃப்ரீட்ரிஷுக்கு. பாருங்கள், வெர்னேயின் ஜோடி வியாபாரம் எங்கே வந்து நிற்கிறது என்று. அமைதி-புயல் என்பது தெற்கு-வடக்கு ஆகியிருக்கிறது, அவ்வளவுதான்.

ஃப்ரீட்ரிஷ் 1822-ல் குவாண்டுக்காக வரைந்து கொடுத்தது கிரீன்லாந்துக் கரையில் உடைந்து கிடக்கும் ஒரு கப்பல். அதன் உடலில் ‘ஹோஃப்னுங்’ என்று பெயர் எழுதியிருந்தது. ஜெர்மனில் நம்பிக்கை என்று பொருள். அந்தப் படம் பிற்பாடு தொலைந்துபோனது. எப்படி இருந்தது என்பதை அக்காலத்தவர்கள் எழுதி வைத்ததிலிருந்துதான் ஊகிக்க முடிகிறது. ஆனால் அதன் பெயர் தொலையவில்லை. அதுபற்றிப் பிறகு.

குவாண்டின் கணக்கு முடிந்தும் பனி ஃப்ரீட்ரிஷை விடவில்லை. ஆங்கிலேயர் வில்லியம் எட்வர்ட் பாரி, ‘ஹெக்லா’, ‘கிரைப்பர்’ என்ற இரண்டு கப்பல்களோடு 1819-ல் வடமேற்குக் கடல்வழி தேடிப் புறப்பட்டு, மெல்வில் தீவில் மாதக்கணக்கில் பனியில் சிக்கிக் கிடந்து, 1820-ல் ஊர் திரும்பினார். ஐரோப்பாவே அந்தக் கதையைப் பேசியது. பாரியின் கப்பல்கள் இரண்டும் பத்திரமாக வந்துவிட்டன என்பதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். படத்தில் நொறுங்கிக் கிடக்கும் கப்பல், ‘மெதூசா’வைப் போலச் செய்தியில் அடிபட்ட கப்பல் அல்ல. வழக்கு, விசாரணை, பிழைத்தவர் வாக்குமூலம், எதுவும் அதற்குக் கிடையாது.

துருவத்துக்கு ஃப்ரீட்ரிஷ் போனதே இல்லை. அவர் வீட்டு வாசலிலேயே எல்பே நதி ஓடியது. 1820-21 குளிர்காலத்தில் நதி உறைந்தது, பிறகு பாளம் பாளமாக உடைந்தது. அவர் அந்தப் பாளங்களை எண்ணெய் வண்ணத்தில் சின்னச் சின்னதாக வரைந்துகொண்டார். அப்படி மூன்று படிப்போவியங்கள் பிழைத்திருக்கின்றன. நதிப் பனிக்கட்டி வெள்ளைவெளேர் என்று இருக்காது. சேறும் மணலும் கலந்து பழுப்பேறி இருக்கும். அந்தப் பழுப்பு அப்படியே பெரிய படத்துக்குள் போய்விட்டது.

படத்தைக் கிட்டப் போய்ப் பார்த்தால் முதலில் கண்ணில் படுவது அந்த நிறம்தான். கீழே முன்னால் கிடக்கும் பாளங்கள் மஞ்சளும் காவியும் கலந்தவை. கடப்பாக் கல் கடையில் பலகைகளை ஒன்றன்மேல் ஒன்று சாய்த்து வைத்திருப்பார்களே, ஓரம் சிதைந்து, இடுக்குகளில் இருட்டு தேங்கி, கொஞ்சம் அசைத்தால் மொத்தமும் சரிந்துவிடும்போல, அப்படி இருக்கும். அவை மேலே ஏற ஏறச் சாம்பல் நிறமாகி, நடுவில் ஒரு கூம்பாகக் குவிந்து, கூர்முனைகளை வானத்தை நோக்கி நீட்டுகின்றன. பின்னால் நீலம் பாரித்த பனிமலைகள். வானம் தெளிவாகவே இருக்கிறது. புயலும் இடியும் என்றைக்கோ முடிந்துபோனவை.

கப்பல் வலது பக்கம். குவியலுக்கு அடியில் கவிழ்ந்து நசுங்கிக் கிடக்கிறது. பின்பக்கத்தில் ஒரு பகுதியும் முறிந்த பாய்மரமும் மட்டும் வெளியே துருத்திக்கொண்டிருக்கின்றன. முதல் பார்வையில் அதுவும் ஒரு பாளம் என்றே தோன்றும். இந்தப் படத்தின் அசாத்தியமான துணிச்சல் எனக்கு அதில்தான் தெரிகிறது. கப்பல் உடைவதைப் பற்றிய படத்தில் கப்பலுக்கு ஒரு மூலைதான் கிடைக்கிறது. வெர்னேயிடம் இரண்டு பேராவது கரையேறுவார்கள். ழெரிக்கோவிடம் அந்தத் துணியை ஆட்டுவதற்கு ஆள் இருக்கிறான். நம் மணிமேகலையில் வரும் சாதுவனும் கலம் உடைந்தபோது முறிந்த பாய்மரத்தைப் பற்றிக்கொண்டு நாகர் மலைக்குப் போய்ச் சேர்கிறான். ஊரில் அவன் செத்துவிட்டான் என்று நினைத்து ஆதிரை தீயில் இறங்குகிறாள். உடைந்த கலத்தின் கதை எங்கேயும் பிழைத்தவன் வாய்வழியாகத்தான் வந்து சேர்கிறது. ஃப்ரீட்ரிஷின் படத்தில் அந்த வாயே இல்லை. பாய்மரம் முறிந்துதான் கிடக்கிறது, பற்றிக்கொள்ள ஆளைக் காணோம்.

படத்தை 1824-ல் பிராகில் காட்சிக்கு வைத்தார்கள். வடதுருவக் கடலின் கற்பனைக் காட்சி, குவிந்த பனிப்பாளங்களின் மேல் உடைந்த கப்பல் என்ற பொருளில் நீளமாக ஒரு தலைப்பு. 1826-ல் ஹாம்புர்க். எங்கேயும் விலைபோகவில்லை. 1824 ஃப்ரீட்ரிஷுக்கு வேறு வகையிலும் நல்ல ஆண்டாக அமையவில்லை. டிரெஸ்டன் கலைக்கழகத்தில் நிலக்காட்சிப் பேராசிரியர் இடம் காலியானது. அது தனக்கு வரும் என்று அவர் எதிர்பார்த்திருந்தார். வகுப்பு இல்லாத ஒரு பேராசிரியர் பட்டத்தைக் கையில் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். காலத்தின் ருசி மாறிக்கொண்டிருந்தது, அவருடைய படங்கள் புரியாதவை, இருண்டவை என்ற பேச்சு வளர்ந்துகொண்டிருந்தது. நெப்போலியனை விரட்டிய பிறகு ஜெர்மன் நாடுகளில் இறுகிப்போன அரசியலைத்தான் உறைந்த கடலாக வரைந்தார் என்று சொல்கிறவர்களும் உண்டு. இருக்கலாம். அவர் அப்படி எழுதி வைத்துவிட்டுப் போகவில்லை.

படம் வீடு திரும்பியது. அந்த வீட்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். டிரெஸ்டனில் ‘எல்பே ஓரம், 33’ என்ற முகவரி. 1823-லிருந்து அதே வீட்டில் இன்னொரு குடித்தனம் இருந்தது: யோஹான் கிறிஸ்டியான் டால், நார்வேயின் பெர்கன் ஊர்க்காரர், ஃப்ரீட்ரிஷைவிட 14 வயது இளையவர், அவரும் ஓவியர். இரண்டு பேருக்கும் குணத்தில் ஏழாம் பொருத்தம். ஒருவர் ஆள் அண்டாத முசுடு, மற்றவர் கலகலப்பானவர். ஒருவர் படம் விற்கவில்லை, மற்றவர் படம் நன்றாக விற்றது. ஆனாலும் கடைசிவரை ஒட்டிக்கொண்டே இருந்தார்கள்.

டாலும் கப்பல் உடைவதை வரைந்தவர்தான். டிரெஸ்டனுக்கு வந்த புதிதில், 1819-ல், அவர் வரைந்த ‘புயல் இரவுக்கு மறுநாள் காலை’ இன்று மியூனிக்கின் நோயே பினகோதேக்கில் இருக்கிறது. அலை இன்னும் அடங்கவில்லை, உடைந்த கலம் பாறைமேல், கரையில் ஓர் ஆள் இடிந்துபோய் உட்கார்ந்திருக்கிறார். கன்னத்தில் கை வைத்தால், கப்பலா கவிழ்ந்துவிட்டது என்று நம் வீடுகளில் கேட்பார்கள். டாலின் ஆளிடம் அப்படிக் கேட்க முடியாது. கவிழ்ந்துதான் விட்டது.

1834-ல் பிரெஞ்சுச் சிற்பி டாவித் தான்ஜே டிரெஸ்டனுக்கு வந்து ஃப்ரீட்ரிஷைச் சந்தித்தார். நிலக்காட்சிக்குள் ஒளிந்திருக்கும் துன்பியலைக் கண்டுபிடித்த ஓவியர் இவர் என்று அவர் சொன்னது கலை வரலாற்றில் நிலைத்துவிட்டது. புயலையும் மிதவையையும் உலகுக்குக் கொடுத்த நாட்டிலிருந்து வந்த ஒருவர் அதைச் சொன்னார் என்பது எனக்குப் பிடித்த விஷயம். அப்போதும் ‘பனிக்கடல்’ விற்காமல்தான் இருந்தது. மறு ஆண்டு ஃப்ரீட்ரிஷுக்குப் பக்கவாதம் வந்தது. எண்ணெய் வண்ண வேலை ஏறக்குறைய நின்றுபோனது. 1840 மே மாதம் கண்ணை மூடினார். 16 ஆண்டுகள், படம் அவர் கையிலேயே இருந்தது.

அவருக்குப் பிறகு படம் போன தூரம் மிகக் குறைவு: டால் அதை எடுத்துக்கொண்டார். நட்புக்காக வாங்கினாரா, ஓவியன் கண்ணுக்கு அதன் மதிப்பு தெரிந்து வாங்கினாரா என்று பிரித்துப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை. 1857-ல் டால் இறந்த பிறகு மகன் சீக்வால்டிடம் படம் இருந்தது. 1827-ல் பிறந்த அவரும் ஓவியர், விலங்குகளை வரைந்தவர். உறைந்த கடலும் நசுங்கிய கப்பலும் அந்தப் பையனுக்குப் பிறந்ததிலிருந்தே தெரிந்த சாமானாக இருந்திருக்க வேண்டும், நம் வீட்டுக் கூடத்தில் தாத்தா படம் தொங்குவதுபோல.

இதற்கிடையே வெளி உலகம் ஃப்ரீட்ரிஷை மறந்தே போனது. சாதாரண மறதி இல்லை. அரை நூற்றாண்டுக்குமேல் அவர் பெயரைச் சொல்ல ஆளில்லை. அந்த மறதியில்தான் பெயர் மாறாட்டம் நடந்தது. குவாண்டின் படம் தொலைந்துவிட்டது, அதன் கப்பல் பெயர் மட்டும் பேச்சில் மிஞ்சியது. கையில் இருப்பதோ ஒரு பனிக் கப்பல் படம். தொலைந்ததன் பெயரை இருப்பதற்குச் சூட்டிவிட்டார்கள்: ‘டி கெஷைட்டெர்டெ ஹோஃப்னுங்’. ஜெர்மன் காதுக்கு இது இரட்டை அர்த்தம். ‘ஷைட்’ என்றால் பிளந்த விறகுத் துண்டு. கப்பல் பாறையில் மோதி விறகு விறகாகச் சிதறுவதைக் குறித்த சொல்தான் நாளடைவில் எந்தக் காரியம் தோற்றாலும் சொல்லும் சொல்லாயிற்று. எனவே அந்தத் தலைப்பை ‘உடைந்த ஹோஃப்னுங் கப்பல்’ என்றும் படிக்கலாம், ‘தகர்ந்த நம்பிக்கை’ என்றும் படிக்கலாம். இவ்வளவு கச்சிதமான தலைப்பு தப்பான தலைப்பு என்றால் யாருக்குத்தான் விட மனசு வரும்? இந்தப் படத்தின் கப்பலில் அந்தப் பெயர் இல்லவே இல்லை. ஆனாலும் சில புத்தகங்களிலும் அஞ்சலட்டைகளிலும் அது இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

ஃப்ரீட்ரிஷை மறதியிலிருந்து தூக்கி எடுத்தவர் ஒரு ஜெர்மானியர்கூட இல்லை. ஆந்திரேயாஸ் ஆவ்பெர்ட், நார்வேயின் கலை வரலாற்றாசிரியர். அவர் தேடி வந்தது தன் நாட்டுக்காரரான டாலை. டாலின் காகிதங்களையும் படங்களையும் கிளறிக்கொண்டே போனபோது, பக்கத்துக் குடித்தனக்காரர் ஒருவர் எல்லா இடத்திலும் தட்டுப்பட்டார். 1890-களில் அவர் எழுதத் தொடங்கிய பிறகுதான் ஜெர்மனி திரும்பிப் பார்த்தது. முதலில் படத்தைக் காப்பாற்றியது டாலின் சுவர். பிறகு பெயரைக் காப்பாற்றியதும் டாலின் வீட்டு வழிதான்.

திரும்பிப் பார்த்தவர்களில் ஹாம்புர்க் குன்ஸ்ட்ஹாலேயின் இயக்குநர் அல்ஃபிரெட் லிஷ்ட்வார்க் ஒருவர். 1886-லிருந்து அந்தப் பொறுப்பில் இருந்தவர், ஊர்ப் பிள்ளைகளைக் கூட்டி வந்து படத்துக்கு முன்னால் உட்காரவைத்துப் பேசவைத்தவர். சீக்வால்ட் டால் 1902-ல் இறந்துவிட்டார். 1905-ல் ‘பனிக்கடல்’ ஹாம்புர்க்குக்கு இரண்டாம் முறை வந்தது, இந்த முறை தங்குவதற்கு. மறு ஆண்டு பெர்லினில் ஒரு நூற்றாண்டு ஜெர்மன் கலையைத் திரட்டி வைத்த பெரும் கண்காட்சி நடந்தது. அதை நடத்தியவர்களில் லிஷ்ட்வார்க்கும் ஒருவர். அங்கேதான் ஃப்ரீட்ரிஷ் மறுபடி பெரிய பெயரானார்.

அதற்குப் பின் வந்தவை வேகமாகச் சொல்லிவிடக் கூடியவை, நடந்தபோது அப்படி இருந்திருக்காது. 1931 ஜூனில் மியூனிக்கின் கண்ணாடி மாளிகை தீப்பற்றி எரிந்தது. அங்கே கண்காட்சிக்கு வைத்திருந்த ஃப்ரீட்ரிஷின் பல படங்கள் சாம்பலாயின. ‘பனிக்கடல்’ அவற்றில் இல்லை. நாஜிகள் ஃப்ரீட்ரிஷைத் தங்கள் ஆளாக்கிக்கொள்ளப் பார்த்தார்கள்; அந்தக் கறை போகப் போருக்குப் பிறகு பல வருஷம் பிடித்தது. 1943 ஜூலையில் குண்டுவீச்சில் ஹாம்புர்க்கின் பெரும்பகுதி எரிந்தது. படம் பிழைத்தது. ஃப்ரீட்ரிஷ் பிறந்து 200 ஆண்டு ஆனதை ஒட்டி 1974-ல் குன்ஸ்ட்ஹாலேயின் அப்போதைய இயக்குநர் வெர்னர் ஹோஃப்மன் அங்கே வைத்த கண்காட்சிக்குக் கூட்டம் அலைமோதியது. 250-ஆம் ஆண்டை ஒட்டி 2023 டிசம்பரிலிருந்து 2024 ஏப்ரல் வரை மறுபடி வைத்தார்கள். மூன்று லட்சம் பேருக்குமேல் வந்தார்கள். பனிக்கட்டி உருகுவதே உலகத்தின் கவலையாகிவிட்ட காலத்தில், உறைந்ததால் வந்த சாவை வரைந்த படத்தின் முன்னால் வரிசை.

எல்பேக் கரையில் வரைந்த அந்த மூன்று சின்னப் பனிக்கட்டி ஓவியங்களும் இப்போது அதே அருங்காட்சியகத்தில்தான் இருக்கின்றன. உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரியவை. பழுப்புப் பாளம், விரிசல், விளிம்பில் பச்சை கலந்த ஒரு கீற்று. டிரெஸ்டனைத் தாண்டும் எல்பே வடமேற்கே ஓடி, ஹாம்புர்க் வழியாகத்தான் கடலுக்குப் போகிறது. 1821-ல் ஃப்ரீட்ரிஷ் பார்த்துக்கொண்டிருந்த பாளங்கள் வழியில் கரைந்திருக்கும். அந்தத் தண்ணீர், படம் முதல் முறை வருவதற்கு ஐந்து வருஷம் முன்பே இந்த ஊரைக் கடந்து போயிருக்கும்.